எல்லையில் கூப்பிட்ட பெயர்

“முத்திரை குத்திக்கிறதுக்கு ஒரு தேசம் விட்டு இன்னொரு தேசம் போவே, மாயவரம் வர்றதுக்கு மட்டும் உனக்கு வழி தெரியாது, அப்படித்தானே?” கடைசியில் அந்த அப்படித்தானே வேறு. நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனில் சொன்னது, இன்றைக்கு மத்தியானம் தாண்டியும் காதுக்குள்ளிருந்து எழுந்து போக மாட்டேன் என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் இந்த மனுஷர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. காபி, பேப்பர், குடை எங்கே, கொல்லைக் கதவு சாத்தியாச்சா, இவ்வளவுதான் அவர் பேச்சு. அப்படிப்பட்டவர் தேசம் விட்டு தேசம் என்று எடுத்து, வழி தெரியாது என்று இறக்கி, நடுவில் மூச்சு விடாமல் சொல்கிறார் என்றால் அது அப்போது தோன்றிய பேச்சாக இருக்க முடியாது. யோசித்து வைத்திருக்கிறார். ஈசிசேரில் சாய்ந்துகொண்டு ஒத்திகை பார்த்திருக்கிறார். மின்சார வாரியத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்து மேலதிகாரிக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாதவர், என்னிடம் என்றால் மட்டும் மேடைப் பேச்சாளர். நானும் சும்மா விடவில்லை. மாயவரத்துக்கு வழி எனக்கு நன்றாகவே தெரியும், அங்கே வந்து நான் என்ன பண்ணுவது என்றுதான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம் கேட்டது. அது எங்கள் கூடத்து விசிறி, மூன்றாவது சுற்றுக்கு ஒரு தடவை முனகும், அதை மாற்றச் சொல்லி நான் அலுத்துப்போய்விட்டேன். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், பூக்காரி தினமும் பூவைக் கொடுத்துட்டுப் போறா, நான் அதை எங்க வைக்கிறது என்றார். ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்றேன். ஃப்ரிட்ஜ் பூராவும் பூதான் என்றார். வேண்டாமென்று சொல்வதுதானே, அவள் என்ன கடித்தா தின்னப்போகிறாள் என்றேன். “வேண்டாம்னா அம்மா எப்ப வருவாங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்றது?” என்று போனை வைத்துவிட்டார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத்திடம் ஒரே ஒரு வருஷம் படித்திருந்தால் சரியாகியிருப்பார்.

இந்த சோபாவைச் செய்தவன் யாரென்று தெரிந்தால் அவனையும் இரண்டு கேட்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே போய்விடுகிறது, எழுப்ப ஆள் வேண்டும். ஓமான் எல்லைக்குள் நுழைந்தவுடன் இருக்கும் ஒரு தங்கும் விடுதியின் கூடம் இது. காலையில் ஷார்ஜாவில் ஏற்றிய பஸ் எங்களையெல்லாம் இங்கே இறக்கிவிட்டு வாசல் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் சுற்றுலா விசாவில் மகள் வீட்டுக்கு வந்தவள், அந்த விசா முடிகிறது. இன்னும் இரண்டு மாசம் இருக்க ஆசைப்பட்டால் ஒரு தடவை நாட்டை விட்டு வெளியே வந்து, வெளியே நிற்கும்போதே புது விசா வாங்கி, மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்காக ஊருக்கு விமானம் ஏற வேண்டியதில்லை, பக்கத்து நாட்டு எல்லையைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் போதும். புது விசா பஸ் ஏற்பாட்டுக்காரரின் போனுக்கு வரும், வர வர அவர் பெயர் கூப்பிடுவார், சாயங்காலம் பஸ் திரும்பும். வந்தவர்களுக்கு ஷார்ஜா. வராதவர்கள் இதே சோபாவில் கிடக்க வேண்டியதுதான், ஒரேயடியாக இல்லையென்று சொல்லிவிட்டால் மஸ்கட் போய் ஊருக்கு விமானம், மாயவரம், ஃப்ரிட்ஜ் பூராவும் பூ. என் மகள் தாரிணி இதையெல்லாம் சிதம்பரத்துக்கு பஸ் மாறுவது மாதிரி சொன்னாள். ஈஸிம்மா, எல்லாரும் பண்றதுதான், சாண்ட்விச் எடுத்துக்கோ. சாண்ட்விச் எடுத்துக்கொண்டேன். புளியோதரையும் எடுத்துக்கொண்டேன், அவளுக்குத் தெரியாது. காலையில் அந்தப் பக்கத்துக் காவல் சாவடியில் வெளியே போனாள் என்று என் பாஸ்போர்ட்டில் குத்திவிட்டார்கள், இந்தப் பக்கத்துச் சாவடி இன்னும் வரவில்லை, நடுவில் மொட்டை மலைகளுக்கு இடையே ரோடு மட்டும் போனது. ஒரு புல் கிடையாது, ஒரு மனுஷன் கிடையாது, மலை என்றால் தோசைக்கல் நிறத்தில் அப்படி ஒரு மலை. அந்த ரோட்டில் நான் எந்த தேசத்திலும் இல்லை. யாரும் என்னைப் பெயர் சொல்லிக் காபி கேட்க முடியாது, கேட்டாலும் எந்தச் சட்டப்படி கேட்பார்கள்? இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டக் கூடாதா என்று டிரைவரின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போதும் எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவள் நான், க்யூவில் முன்னால் நிற்பவரின் குதிகாலை மிதிக்கிறவள், மெதுவாகப் போகட்டும் என்று நினைத்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கும் காரணம் தாரிணி இளைத்துவிட்டாள் என்பது. இளைக்கவில்லை. ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள், ராத்திரி வந்ததும் பாஸ்தாவில் சீஸ் மழையாகக் கொட்டிக்கொண்டு எனக்கும் ஒரு தட்டு தருகிறாள். அவளுக்கு நான் வேண்டியதில்லை, இருந்தால் நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான். யாருக்காவது வேண்டும் என்றால் அது எனக்குத்தான். விடிந்ததும் அவள் கிளம்பிப் போய்விடுவாள், கதவு தானே பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும், அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ கிடையாது. சன்னலுக்குக் கீழே கடல் உள்ளே புகுந்து ஏரி மாதிரி நிற்கிறது. ரொட்டியை வாட்டி ஜாம் தடவி, உட்காராமல், சன்னலோரம் நின்றுகொண்டே தின்பேன். எனக்கு இட்லி பிடிக்கவே பிடிக்காது என்பதை இந்த வயதில், அந்நிய தேசத்தில், நின்றுகொண்டு ரொட்டி தின்னும்போதுதான் கண்டுபிடித்தேன். அவித்து அவித்து வைத்துக்கொண்டே இருந்ததில் பிடிக்குமா என்று கேட்க நேரமில்லை. கீழே வரவேற்பறை அலமாரியில் யார் யாரோ விட்டுப்போன ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மேஜைக்கடியில் வைத்துப் படித்துப் பிடிபட்டதற்கப்புறம் இப்போதுதான் முழுசாக ஒன்றை முடித்தேன், கொலை பண்ணியது யார் என்று இரண்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் கடைசிவரை போனேன். இன்னிக்கு என்ன? அந்த ஒரு கேள்வி இல்லை. மாயவரத்தில் பல் தேய்த்து வாய் கொப்புளித்துக்கொண்டே வருவார், தண்ணீர் இன்னும் தாடையில் சொட்டும், இன்னிக்கு என்ன? உப்புமா என்றாலும் அதே தலையாட்டல், பூரி என்றாலும் அதே தலையாட்டல், பின்னே எதற்குக் கேட்கிறார் என்பது இன்றுவரை தெரியாது. கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பூண்டு உரித்துக் கொடுப்பார், புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பார், என்னுடையதைவிட அவர் மடிப்பு நேராக இருக்கும். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது மழை பிடித்துக்கொண்டால், சொல்லியே இருக்க மாட்டேன், பஸ் ஸ்டாண்டில் குடையோடு நிற்பார். இரண்டு குடை. தன்னுடையதை விரித்துக்கொண்டு என்னுடையதைக் கட்டியபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்ன லேட்டு என்று கேட்டுவிட்டு முன்னால் நடப்பார், நான் பின்னால். குஞ்சிதபாதம் என்று எங்கேயோ ஒரு குரல், முழுசாகக்கூட இல்லை, முன்பாதி கஞ்சியாகிப் பின்பாதி மட்டும் பாதமாக, நான் சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். அவர் எங்கே வந்தார்? வாசலில் பஸ், வெயில், ஒரு பூனை. பைத்தியம்தான். ஒரு மனுஷரையே நினைத்துக்கொண்டிருந்தால் அவர் பெயர் காதிலும் விழும் போலிருக்கிறது. குடை ஞாபகம் வந்தால் மழை கேட்பது மாதிரி.

பக்கத்தில் சுலைஹா லாத்தா. காயல்பட்டினம். லாத்தா என்றால் அவர்கள் ஊரில் அக்கா, அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பஸ் கிளம்புவதற்கு முன்பே உத்தரவு. எனக்குப் பத்து வயது மூத்தவர் இருப்பார், இந்தப் பயணத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மூணு மவன், மூணு பேரு ஊட்டுலயும் இருக்கணும், இல்லாட்டி மத்தவனுக்குக் கோவம் வரும், இந்த சோபாவுக்கு என் இடுப்பு அளவு தெரியும் என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து, ஸ்பூனையும் கையில் கொடுத்துவிட்டார். வட்டலப்பம். மருமகள் செய்தது, இனிப்புக் கொஞ்சம் தூக்கல் என்று மருமகளுக்கு ஒரு குட்டு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலக்காயும் வாயில் வைத்ததும் கரைந்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவ்வளவு மெத்தென்று வர முட்டை போடாமல் முடியாது. நாங்கள் சைவம். கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார், அப்புறம் ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும். கேட்கவில்லை. நான் எந்த தேசத்திலும் இல்லாத நேரத்தில் தின்றது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இது ஓமான், முத்திரைகூடக் குத்தியிருக்கிறார்கள். இன்னொரு ஸ்பூன். ஊட்டுக்காரரு எங்க, தனியாவா வுட்டுட்டு வந்தீங்க என்றார் லாத்தா. மாயவரத்தில் என்றேன். சண்டையா என்றார். எப்படிக் கண்டுபிடித்தார்? காலையிலிருந்து வாயை அசைத்து அசைத்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே வருகிறேனாம், மகளாக இருந்தால் சத்தம் வெளியே வந்திருக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மாயவரம் வா என்கிறார், நான் இரண்டு மாசம் கழித்து என்கிறேன், இதுதான் சண்டை என்று சொன்னேன். லாத்தா டப்பாவின் ஓரத்தை வழித்துக்கொண்டே, நான் ஏதோ கூட்டல் கணக்கில் தப்புப் பண்ணினவள் மாதிரி பார்த்தார்.

“எங்க ஊருல மாப்புள்ளதான் பொண்ணு ஊட்டுக்கு வருவாரு, தங்கச்சி. எங்க அவுக கல்யாணத்தன்னைக்கு வந்தவுக, மவுத்தாகிக் கண்ண மூடுற வரைக்கும் எங்க உம்மா ஊட்டுலதான் இருந்தாவ. பொண்டாட்டி எங்கயோ அங்கதான மாப்புள்ள? நீங்க என்னத்துக்குப் போவணும். அவர வரச் சொல்லுங்க.”

அவரையாவது, வரச் சொல்வதாவது. விபூதி கிடைக்குமா, கோயில் உண்டா, தண்ணி ஒத்துக்குமா, என் ஈசிசேர் இருக்குமா. பாஸ்போர்ட் இருக்கிறது. தாரிணி வேலைக்குப் போன வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தாள், என்னுடையதில் இப்போது முத்திரைமேல் முத்திரை, அவருடையது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை வாசனையோடு வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. வாங்களேன் என்று நான் கூப்பிட்டேனா? டிக்கெட் போடும்போது தாரிணி போனில், அப்பாவுக்கும் போடவா என்று கேட்டாள். அவர் எங்கே வரப்போகிறார் என்று நான் சொன்னேன். அவரும் பக்கத்து அறையில்தான் இருந்தார், பேப்பர் திருப்பும் சத்தம் கேட்டது. கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் வருகிறேன் என்று சொல்ல வாய் இல்லையா? சொல்ல மாட்டார். யாராவது கூப்பிட வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வாங்க வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தால்தான் எழுந்திருப்பார், இல்லாவிட்டால் கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை மேளக்காரர்களோடு உட்கார்ந்திருப்பார், பசியோடு. தெரிந்தும் நான் கூப்பிடவில்லை. அவர் வந்தால் சன்னலோரத்து ரொட்டி போய்விடும். வாய் கொப்புளித்துக்கொண்டே வந்து அந்த ஏரித் தண்ணீரைப் பார்த்து இன்னிக்கு என்ன என்பார், முடிந்தது கதை. அதனால்தான் கூப்பிடவில்லை. அப்படியா? அப்படித்தான். பின்னே நேற்றிலிருந்து அந்த ஃபேன் முனகல் ஏன் காதைவிட்டுப் போகவில்லை? மாட்டின புடவைத் தலைப்பு மாதிரி, இந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் இழுத்தாலும் அதே ஆணி.

பெயர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பஸ் ஏற்பாட்டுக்காரர் இம்தியாஸ், கழுத்தில் போனைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளேயும் வெளியேயுமாக அலைகிறார். டிசூசா. ரெஹ்மான். பரேரா. கூப்பிட்டவுடன் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி துள்ளி எழுந்து ஓடுகிறார்கள். எங்கள் கான்வென்டில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, ப்ரெசன்ட் சிஸ்டர். முனகக் கூடாது. உன் பெயருக்கு நீயே வெட்கப்பட்டால் வேறு யார் மதிப்பார்கள் என்று சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். வி. சுகுணா. ப்ரெசன்ட் சிஸ்டர். வி என்றால் வைத்தீஸ்வரன், எங்கள் அப்பா. காது இன்றைக்கும் அதற்குத்தான் தயாராக உட்கார்ந்திருக்கிறது. சுகுணா என்று கூப்பிட்டால் நான் தூக்கத்தில்கூட எழுந்து நின்றுவிடுவேன். கூப்பிட மாட்டேன் என்கிறாரே? கூடத்தில் முக்கால்வாசி சோபா காலி. வராவிட்டால்? தாரிணி எதையாவது தப்பாக நிரப்பித் தொலைத்திருப்பாளோ, போட்டோவில் என் பொட்டு பெரிதாகத் தெரிகிறது என்று திருப்பியிருப்பார்களோ, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை நாடு விட்டு நாடு எதற்கு அலைகிறாள் என்று எவனாவது ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறானோ. யோசித்தால் சரியாகத்தான் யோசிக்கிறான். இல்லை, வட்டலப்பத்துக்குத் தண்டனையோ. முட்டை. கேட்காமலே தின்றவள்தானே. ஊருக்குத் திரும்பப் போனால் தாரிணி வீட்டுக் கதவு நான் இல்லாமலே தானே பூட்டிக்கொள்ளும், மாயவரத்துக் கதவு திறக்கும், எல்லோரும் வந்து ஷார்ஜா எப்படியிருந்தது என்பார்கள், நன்றாயிருந்தது என்பேன், ரொட்டி என்று சொன்னால் யாருக்குப் புரியும். அது போகட்டும். அவர் சந்தோஷப்படுவார். காட்டிக்கொள்ள மாட்டார், இன்னிக்கு என்ன என்பார். அது அவ்வளவு மோசமாகவா இருக்கும்? மறுபடியும் வெளியே வெயிலிலிருந்து குஞ்சிதபாதம். இந்தத் தடவை இன்னும் உடைந்து, குன்ஜி என்று ஒரு துண்டும் தாபாதம் என்று ஒரு துண்டுமாக. நான் மறுபடியும் வாசலைப் பார்த்தேன். வாசலில் இம்தியாஸ்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் போன், முகத்தில் எரிச்சல். லாத்தாவும் தன் விசாவை வாங்கிக்கொண்டு பையைத் தோளில் மாட்டியிருந்தார். மத்தியானத்துலருந்து அந்த ஆம்பளையத் தேடுறாவ, எங்க போய்ப் படுத்துக் கெடக்காரோ, அவரால பஸ்ஸு நிக்கிது என்றார். எந்த ஆம்பளை என்றேன். அதான், பேரே வாயில நொழைய மாட்டேங்குதே, ஏதோ பாதம்.

கடவுளே. அந்த ஆம்பளை நான்.

எழுந்திருக்க முடியவில்லை, சோபா விடவில்லை, லாத்தா கையைப் பிடித்து இழுத்தார். என் பாஸ்போர்ட்டில் சுகுணா முன்னால், அவர் பெயர் பின்னால், தாரிணி அப்படித்தான் போட்டாள், பின்பெயர் என்று கட்டம் இருக்கும்மா, அப்பா பேரு போட்டாச்சு. இந்த இம்தியாஸ் விசாவைத் திறந்து போட்டோவைப் பார்க்காமல், பட்டியலில் இருக்கும் பின்பெயரால்தான் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்துவிட்டு, அவர் வரவில்லை என்று திரும்ப உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தடவை கூப்பிட்டாரோ! என் விசா மத்தியானமே வந்து அவர் போனில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் என்று கையைத் தூக்கினேன். மேடமா, இது ஆண் பெயர் இல்லையா என்று ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்டார், தப்பான ஆளிடம் கொடுத்தால் அவர் தலை போகுமாம், சரிபார்க்க வேண்டும், பின்பெயரைச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை நீட்டினேன். பாஸ்போர்ட் இருக்கட்டும் மேடம், வாயால் சொல்லுங்கள். வாயால். நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. இத்தனை வருஷத்தில், ஒரு தடவைகூட. ஏங்க, இந்தாங்க, தாரிணி அப்பா, எங்க வீட்டுல. ஆஸ்பத்திரியில் நோயாளி பெயர் கேட்டால் காகிதம் வாங்கி எழுதிக் கொடுப்பேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்கு நன்றாகத் தெரியும், மாமியார் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தவள்தான், புருஷன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும். சிரித்தேன், ஆனால் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்துச் சோதிக்க அது என்ன கெமிஸ்ட்ரி லேபா? இம்தியாஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார். பஸ் என்ஜின் உறும ஆரம்பித்துவிட்டது. லாத்தா, சொல்லுங்க தங்கச்சி, உங்க ஊட்டுக்காரரு பேருதான, அடுத்தவன் பேரா என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். முதுகை நிமிர்த்தினேன். முனகக் கூடாது.

“குஞ்சிதபாதம்” என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஆச்சரியம். வாய் முழுக்க நிறைந்து, உதட்டில் வந்து மூடிக்கொண்டது. சின்னப் பெயராக இருந்தால் இவ்வளவு திருப்தி இருந்திருக்காது. இம்தியாஸ் விசாவைத் திறந்து காட்டினார், இரண்டு மாசம், என் போட்டோ, என் பெரிய பொட்டு. பஸ் மறுபடி அந்த மொட்டை மலைகளுக்கு நடுவே போனது, இந்தத் தடவை வெயில் சாய்ந்து மலையெல்லாம் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துச் சாவடியில் கண்ணைப் பெரிதாகத் திறக்கச் சொல்லிக் கருவியில் பார்த்தார்கள், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் முழுப் பெயர் என்றாள், சுகுணா குஞ்சிதபாதம் என்று யாரும் வற்புறுத்தாமலே கணீரென்று சொன்னேன், ப்ரெசன்ட் சிஸ்டர் என்று கூடவே வந்துவிடப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். டம்மென்று முத்திரை. உள்ளே வந்தாயிற்று. ரொட்டி இருக்கிறது, சன்னல் இருக்கிறது, இரண்டாவது துப்பறியும் நாவல் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. மனசு லேசாக, குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. லாத்தா சீட்டில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. விசா கிடைத்ததைச் சொல்லிச் சண்டையை ஜெயிக்க என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் விரல் போட்டுவிட்டது, யோசனை அப்புறம்தான் வந்தது.

உடனே எடுத்தார். போன் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். கிடைச்சுதா என்றார். கிடைச்சுது என்றேன். சரி என்றார். சரி என்பதில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் கொஞ்சம் குத்தியது. பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. இன்னிக்கு என்ன என்று கேட்டேன். என் வாயிலிருந்தா வந்தது? “சாம்பார் சாதம். பருப்பு அரிசி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன். எத்தனை விசில்னு தெரியல” என்றார். கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று நான் ஆரம்பிப்பதற்குள் தூரத்தில் பூவே என்று அந்தக் கீச்சுக்குரல். இரு, பூக்காரி வந்துட்டா, சொல்லிட்டு வந்துடறேன் என்று போனை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டார், டக்கென்று கடப்பைக் கல் சத்தம். சொல்லிட்டு என்றால் என்னத்தைச் சொல்லப்போகிறார்? அம்மா வர இரண்டு மாசம் ஆகும் என்றா? செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து வாசல் பக்கம் போனது. ஃபேன் முனகியது. முதல் விசில். எங்கள் சமையலறை முழுசும் என் காதுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது, சன்னலுக்கு வெளியே ஒட்டகம் ஒன்று ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று நின்றது. பூக்காரியோடு என்ன இவ்வளவு நேரம்? இரண்டாவது விசில். பருப்பு அடியில் பிடிக்கும், பிடித்த பாத்திரத்தை அவர் தேய்க்க மாட்டார், ஊறட்டும் என்று நான் வருகிறவரை வைத்திருப்பார். ஏங்க என்றேன். ஏங்க, உங்களைத்தான். வாசலில் ஏதோ சிரிப்புச் சத்தம், பூக்காரியா அவரா தெரியவில்லை. அவர் பாஸ்போர்ட் பட்டுப்புடவைக்கு நடுவில் வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. சன்னலோரம் இரண்டு பேர் நிற்கலாம், நிற்க இடமில்லாமல் இல்லை. ரொட்டி பிடிக்காவிட்டால் அவர் உட்கார்ந்து ஏதாவது தின்னட்டும், நான் நின்றுகொண்டு தின்கிறேன். மூன்றாவது விசில். லாத்தா தூக்கத்தில் புரண்டார். நான் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், முதுகை நிமிர்த்திக்கொண்டு, மாயவரத்துச் சமையலறை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

“குஞ்சிதபாதம்... ஏங்க, குஞ்சிதபாதம்... அடுப்பை அணைச்சிட்டு, நீங்களும் ஒரு தடவை இங்க வாங்களேன்.”